மலையகத்தில் தங்க வருகிறீர்களா? மருத்துவக் காப்புறுதியில் முதலில் தெரிய வேண்டியவை

இலங்கை மலையகத்துப் பண்டாரவளையில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டு வருகிறோம். எல்லவில் இடம் கிடைக்காமல் வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள், மூன்று நான்கு மாதம் லெப்டொப்பும் கையுமாகத் தங்கிவிட்டுப் போகிறவர்கள், கனடாக் குளிருக்குப் பயந்து பண்டாரவளைக் குளிரைத் தேடி வரும் சொந்தக்காரர்கள் என்று எப்போதும் யாராவது இருப்பார்கள். வந்தவர்களில் பாதிப் பேர், "இங்கே ஆஸ்பத்திரி எல்லாம் ஃப்ரீதானே, இன்சூரன்ஸ் எதுக்கு?" என்று கேட்பார்கள். மீதிப் பேர், "இன்சூரன்ஸ் இருக்கு, பயமில்லை" என்பார்கள். எனக்கு இந்த இரண்டாவது கூட்டத்தை நினைத்தால்தான் கூடுதல் பயம். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால், வெளிநாட்டவர் என்றால் யார்? மலையகத்தில் இது லேசான கேள்வி இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். அப்படிப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ்நாட்டின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். என் அண்ணன் கட்டியிருப்பது அப்படி ஒரு கோத்தகிரிப் பெண்ணை. அண்ணியின் தாத்தா பிறந்தது ஹப்புத்தளைப் பக்கத்து லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஒன்றில். அண்ணி கையில் இருப்பதோ இந்தியக் கடவுச்சீட்டு. எங்கள் வீட்டுக் கணக்கில் சொந்தம், வீசாக் கணக்கில் வெளிநாட்டவர். காப்புறுதிக் கம்பனி பார்ப்பது வீசாக் கணக்கை. இதற்கு மறுபக்கமும் உண்டு. லண்டனில் இருந்தாலும் இலங்கை இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்து வைத்திருப்பவர் இந்நாட்டுப் பிரஜைதான். அரச ஆஸ்பத்திரியில் அவருக்கும் எங்களைப் போலவே இலவசம். வெறும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருபவரிடம் கட்டணம் கேட்கலாம். அவசரமாக வந்தவரை முதலில் கவனிப்பார்கள், ஆனால் பில் வந்தால் கட்டத் தயாராக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியின் நிலைமை

இலங்கையின் இலவச வைத்தியத்தைப் பற்றி நான் குறையாகப் பேச மாட்டேன். என் இரண்டு பிள்ளைகளும் அரச ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். கண்டியில் தேசிய வைத்தியசாலை, பேராதனையில் போதனா வைத்தியசாலை, பதுளையில் ஒன்று, டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டி 2017இல் திறந்த 150 கட்டில் ஆஸ்பத்திரி என்று மலையகத்தில் பெயர் சொல்ல நிறையவே இருக்கின்றன. 1990 என்று அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் வரும், ஒரு சதம் கேட்காது. 2016இல் இந்திய நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடெங்கும் வந்த சேவை அது. வெளிநாட்டு விருந்தினருக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது வைஃபை பாஸ்வேர்ட் இல்லை, இந்த நம்பர்தான்.

ஆனால் 2022ஐ மறந்துவிட்டுப் பேச முடியாது. நாடு தேவையான மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. டொலர் தீர்ந்தபோது மருந்தும் தீர்ந்தது. அந்த மார்ச் மாதக் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலையில் முன்கூட்டியே நாள் குறித்திருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தி, அவசரமானவற்றை மட்டும் செய்தார்கள். ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அதன் பின் நூற்றுக்கணக்கான டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள். நிலைமை இப்போது அந்த அளவுக்கு மோசம் இல்லை. ஆனாலும் வாட்டில் இருக்கும் நோயாளியின் சொந்தக்காரர் கையில் ஒரு துண்டைக் கொடுத்து, "இதை வெளியில வாங்கிட்டு வாங்க" என்று சொல்லும் பழக்கம் போய்விடவில்லை. எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட், சில ஊசி மருந்துகள், ஒரு சில பரிசோதனைகள் இப்படி வெளிக்கணக்கில் வரும். இலவச ஆஸ்பத்திரியிலும் செலவு வருவது இப்படித்தான்.

தனியார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றனவே என்பீர்கள். சின்ன டவுன்களில் இருப்பவை பெரும்பாலும் டொக்டரைச் சனல் பண்ணி (காசு கட்டி நேரம் பதிந்து) பார்க்கவும், இரத்தம் கொடுத்து ரிப்போர்ட் எடுக்கவும், காய்ச்சலுக்கு ஒரு நாள் இரண்டு நாள் படுக்கவும் உதவும். நெஞ்சுவலி, தலையில் அடி, பெரிய ஒப்பரேஷன் என்றால் கண்டி அல்லது கொழும்பு. பண்டாரவளையிலிருந்து பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்கு 200 கிலோமீட்டர் அளவு. பகலில் ஐந்து ஆறு மணித்தியாலம். மழை, பனிமூட்டம், முன்னால் ஒரு லொறி என்றால் கடவுள் விட்ட வழி.

காப்புறுதி விற்பவர்கள் காட்டும் படத்தில் ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருக்கும். இங்கே முதல் ஆறு மணித்தியாலம் அரச ஆஸ்பத்திரி, 1990, உங்கள் கையில் இருக்கும் காசு, பக்கத்து வீட்டு வான் இவற்றோடுதான் ஓடும். காப்புறுதி அதற்குப் பிறகுதான் வந்து சேரும். எந்தப் பொலிசியை வாங்குவது என்பதை இந்த முதல் ஆறு மணித்தியாலத்திலிருந்து யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

காப்புறுதி என்றால் என்ன?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மரண உதவிச் சங்கம் தெரியுமே. மாதா மாதம் ஒவ்வொரு வீடும் ஒரு சின்னத் தொகை கட்டும். யாராவது ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கொட்டகை, கதிரை, பெட்டிச் செலவு எல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். பத்து வருடம் கட்டியும் சாவே விழாத வீடு, "என் காசைத் திருப்பிக் கொடு" என்று சண்டைக்குப் போவதில்லை. மருத்துவக் காப்புறுதியும் அவ்வளவுதான். நிறையப் பேர் அதைச் சீட்டு மாதிரி நினைத்து, நோய் வராத வருடம் காசு வீணாகிவிட்டதே என்று கவலைப்படுகிறார்கள். சீட்டில் உங்கள் காசு உங்களுக்கே வரும். சங்கத்தில் உங்கள் காசு இன்னொருவர் வீட்டுக்குப் போகும், என்றோ ஒருநாள் ஊர்க்காசு உங்கள் வீட்டுக்கு வரும்.

சங்கத்துக்குச் சட்டதிட்டம் உண்டல்லவா? தகப்பன் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது ஓடிவந்து பெயர் பதிந்தால் சேர்க்க மாட்டார்கள், அல்லது ஆறு மாதம் சந்தா கட்டிய பிறகுதான் பணம் என்பார்கள். காப்புறுதியில் வரும் "காத்திருப்புக் காலம்" இதுதான். "ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பணம் இல்லை" என்ற வாசகமும் இதுதான். கம்பனிக்காரர் கண்டுபிடித்த சூழ்ச்சி இல்லை. எங்கள் லயத்துப் பெரியவர்களுக்கே தெரிந்த நியாயம். சூழ்ச்சி இருப்பது வேறு இடத்தில், எது "ஏற்கெனவே இருந்த நோய்" என்று முடிவு செய்வதில். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெளிநாட்டவர் கையில் இருக்கக்கூடிய பொலிசி மூன்று வகை. பயணக் காப்புறுதி என்பது போய்த் திரும்பி வருகிறவருக்கு. திடீர் நோய், விபத்து இவற்றுக்கு மட்டும் பணம் தரும். உங்களைக் கொஞ்சம் தேற்றி வீட்டுக்கு அனுப்பி வைப்பதே அதன் நோக்கம். சீனி வியாதிக்கு மாதா மாதம் பார்க்கும் கிளினிக் செலவை அது தொடாது. பயண நாட்களுக்கும் எல்லை இருக்கும். 90 நாளுக்கு வாங்கிவிட்டு 91ஆம் நாள் விழுந்தால் விழுந்ததுதான். அடுத்தது சர்வதேச மருத்துவக் காப்புறுதி. ஒரு நாட்டில் வருடக்கணக்கில் குடியிருக்கும் வெளிநாட்டவருக்கென்றே உள்ளது. விலை கூட, வயது ஏற ஏற இன்னும் கூடும், அறுபது எழுபதைத் தாண்டினால் புதிதாகச் சேர்க்கவே தயங்குவார்கள். "அமெரிக்கா நீங்கலாக உலகம் முழுவதும்" என்று எடுத்தால் கட்டணம் கணிசமாகக் குறையும். அமெரிக்கா போகும் எண்ணம் இல்லாதவர் அதற்கு ஏன் அழ வேண்டும்? மூன்றாவது, இலங்கைக் கம்பனிகள் ரூபாயில் விற்கும் பொலிசி. மலிவு, இங்குள்ள ஆஸ்பத்திரிகளோடு நேரடித் தொடர்பு, தமிழில் பேசக்கூடிய ஏஜென்ட். ஆனால் வதிவிட வீசா இருக்கிறதா, வெளிநாட்டவரைச் சேர்ப்பார்களா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏஜென்டின் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்ற வார்த்தை பொலிசியில் அச்சாகாது.

ஊர்க் காப்பு கூடவே வராது

லண்டன்காரர் தேசிய சுகாதார சேவையையும், சென்னைக்காரர் அங்கே கட்டும் மெடிக்ளெய்மையும் மனதில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். பிரிட்டனின் சேவை பிரிட்டனுக்குள் குடியிருப்பவருக்கு. இலங்கையில் அது செல்லாது. இந்தியாவில் விற்கும் சாதாரண மருத்துவக் காப்புறுதி இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்கே பணம் தரும். அமெரிக்காவில் முதியோருக்கு இருக்கும் அரச காப்புறுதியான மெடிகெயார், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, நாட்டுக்கு வெளியே பணம் தராது. ஒன்ராரியோ மாகாணம் வெளிநாட்டில் படுத்தால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலர் தரும், படுக்காமல் பார்த்துவிட்டு வந்தால் 50. அந்தச் சலுகையைத் தக்கவைக்கவே பொதுவாக எந்த 12 மாதத்திலும் 153 நாள் அந்த மாகாணத்தில் இருந்திருக்க வேண்டும். பென்ஷன் எடுத்துவிட்டு ஊரோடு வந்து உட்காரலாம் என்று நினைப்பவர்கள் இந்த 153ஐத்தான் முதலில் கோட்டை விடுகிறார்கள்.

வேலைக்காக வந்திருப்பவர்கள், ஹோட்டல் செஃப், பொறியியலாளர் போன்றவர்கள், கம்பனியின் குழுக் காப்புறுதியில் இருப்பார்கள். நல்லது. வேலை போகிற நாளில் அதுவும் போகும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

பெரியப்பா விழுந்த கதை

பெரியப்பா 1980களில் டொரொண்டோ போனவர். ஒரு டிசம்பரில் எங்களோடு தங்க வந்தார். அவருடைய மகள் இணையத்தில் நல்ல பயணக் காப்புறுதி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தாள். ஐம்பது பக்கம். யாரும் படிக்கவில்லை. நானும்தான்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலை. பின்பக்கப் படியில் பாசி. வாளியோடு இறங்கியவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. 1990 இருபது நிமிடத்தில் வந்தது. பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து வலிக்கு ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் ஒப்பரேஷனுக்குக் காத்திருப்போர் வரிசை நீளம். மூன்றாம் நாள் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிவு செய்தோம். தனியார் ஆம்புலன்ஸ், கூடவே ஒரு தாதி, பெரகலை வளைவுகளில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெரியப்பாவின் முனகல். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும்.

கொழும்பில் முதல் கேள்வி: முற்பணம். காப்புறுதி அட்டையை நீட்டினோம். கவுன்டரில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னது: "இந்தக் கம்பனியோட எங்களுக்கு நேரடிக் கொடுக்கல் வாங்கல் இல்லை. நீங்க கட்டிட்டு அவங்ககிட்ட எடுத்துக்கோங்க." ஐந்து இலட்சம். அண்ணியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

அப்போதுதான் அட்டையின் பின்பக்கம் இருந்த நம்பருக்கு முதன்முதலாக அழைத்தோம். எதிர்முனையில் கேட்டார்கள், "மூன்று நாளாக ஏன் அழைக்கவில்லை?" சத்திரசிகிச்சைக்கு முன் அவர்களுக்கு அறிவித்து அனுமதி வாங்க வேண்டும், அறிவிப்பு தாமதமானால் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் குறைப்பார்கள் என்று பொலிசியில் இருந்ததாம். அது முதல் அடி.

இரண்டாவது அடி பெரிது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எப்படி விழுந்தார் என்று கேட்டதற்கு, பதற்றத்தில் இருந்த அம்மா, "தலை சுத்தி விழுந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டார். அது அப்படியே டயக்னோசிஸ் கார்டில் (நோயும் சிகிச்சையும் எழுதி ஆஸ்பத்திரி தரும் அட்டை) ஏறிவிட்டது. பெரியப்பாவுக்குப் பிரஷர் உண்டு. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் அவருடைய குடும்ப டொக்டர் மாத்திரையின் அளவை மாற்றியிருந்தார். பொலிசியில் ஒரு வாசகம்: ஏற்கெனவே உள்ள நோய் என்றால், பயணத்துக்கு முந்தைய இத்தனை நாட்களில் மருந்திலோ அளவிலோ மாற்றம் இருந்திருக்கக் கூடாது. கம்பனி முடிச்சுப் போட்டது. மருந்து மாறியது, தலை சுற்றியது, விழுந்தார். எனவே இது விபத்து இல்லை, பிரஷர் நோயின் விளைவு. பாசிப் படி எங்கேயோ போய்விட்டது.

ஐந்து மாதம் கடிதப் போக்குவரத்து. டொரொண்டோ டொக்டரின் பதிவேடு, பெரியப்பாவின் கையெழுத்தோடு வாக்குமூலம், படியின் புகைப்படம் கூட அனுப்பினோம். கடைசியில் பெரும்பகுதியைக் கொடுத்தார்கள், தாமதமாக அறிவித்ததற்கான கழிவோடு. காசு டொரொண்டோ வங்கிக்குப் போனது. வளையல் பண்டாரவளையில் வட்டியோடு இருந்தது.

இதிலிருந்து நான் எங்கள் விருந்தினருக்கு இப்போது சொல்வது இதுதான். ஆம்புலன்ஸை அழைத்த கையோடு காப்புறுதி நம்பருக்கும் ஒருவர் அழைக்க வேண்டும். நோயாளியோடு போகாத ஒருவர், வீட்டில் இருப்பவர். எப்படி நடந்தது என்று கேட்டால் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும், ஊகம் வேண்டாம். வெளியே வாங்கிய ஒவ்வொரு மருந்துக்கும் டொக்டர் எழுதிய துண்டும், நோயாளியின் பெயர் போட்ட ரசீதும் சேர்ந்தே இருக்க வேண்டும். துண்டு பார்மசியிலேயே தங்கிவிட்டால் ரசீது வெறும் காகிதம். கொடுக்கும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். டயக்னோசிஸ் கார்டை வாங்கியவுடன் வாட்டை விட்டு வெளியே வருவதற்குள் வாசித்துப் பாருங்கள், தவறு இருந்தால் அங்கேயே திருத்தக் கேளுங்கள். பிறகு திருத்துவது மலையைக் கெல்லுவது மாதிரி.

ரூபாயா, டொலரா?

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய்க்குப் பக்கத்தில். மே மாதம் 360. அந்த நேரம் உங்களிடம் 10 இலட்ச ரூபாய்ப் பொலிசி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் அதன் பெறுமதி 5,000 டொலர், மே மாதம் 2,800க்கும் கீழே. பொலிசியில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. இறக்குமதியான மருந்து, ஸ்டென்ட், பிளேட் எல்லாம் டொலரோடு ஏறின. உங்கள் காப்பு இருந்த இடத்திலேயே நின்றது.

எனவே சின்னச் செலவுகளுக்கு ரூபாய்ப் பொலிசி போதும், பெரிய சிகிச்சைக்கோ நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதற்கோ டொலரில் உள்ளதுதான் தாங்கும் என்பது என் அபிப்பிராயம். இரண்டையும் வாங்க வசதி இல்லாதவர் என்ன செய்வது? டொலர் பொலிசியில் "முதல் இவ்வளவு தொகை உங்கள் பொறுப்பு" என்று ஒரு எல்லை வைப்பார்கள். டிடக்டிபிள் என்று சொல்வது. அந்த எல்லையை ஆயிரம் இரண்டாயிரம் டொலருக்கு உயர்த்திக்கொண்டால் வருடக் கட்டணம் நன்றாகக் குறையும். இங்கே சனலிங், மருந்து, பரிசோதனை எல்லாம் மேற்கு நாடுகளோடு பார்த்தால் மலிவு. அதைக் கையிலிருந்து பார்த்துக்கொண்டு, உயிருக்கும் சொத்துக்கும் உலை வைக்கும் செலவை மட்டும் கம்பனி தலையில் போடலாம்.

இலங்கைப் பொலிசிகளில் ஒரு நல்ல அம்சத்தையும் சொல்ல வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கையில் ஒரு தொகை தருபவை பல இருக்கின்றன. வெளி மருந்து, வீட்டார் போய்வரும் வான் செலவு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் அது கைகொடுக்கும். மலையகத்தில் முதல் நாட்கள் அரச வாட்டில்தான் கழியும் என்பதால், இந்தச் சின்ன வரி உள்ள பொலிசிக்கு நான் கூடுதல் மார்க் போடுவேன். அதே பொலிசியில் அறை வாடகைக்கு நாளுக்கு எவ்வளவு எல்லை என்பதையும் பாருங்கள். பெரிய தொகைக்குப் பொலிசி எடுத்துவிட்டு, அறை வாடகையில் பாதியைக் கையிலிருந்து கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

பாதை

கீழ்நாட்டுக்காரர் யோசிக்காத விஷயம் இது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. பாதைகள் அறுந்தன, ரயில் பாதை நாசமானது, நாட்கணக்கில் ஊர்கள் துண்டாகிக் கிடந்தன. அந்த நாட்களில் டயலிசிஸுக்குப் போக வேண்டியவர் கையில் உலகத்திலேயே சிறந்த காப்புறுதி இருந்திருந்தாலும் அது பாதையைத் திறந்திருக்காது.

பொலிசியில் "அவசர வெளியேற்றம்" என்று ஒரு பகுதி இருக்கும். படித்தவுடன் ஹெலிகொப்டர் கண்முன் வரும். நிதானமாகப் படியுங்கள். தேவையான சிகிச்சை உள்ளூரில் கிடைக்காவிட்டால், அது கிடைக்கும் மிகப் பக்கத்து இடத்துக்குக் கொண்டுபோவார்கள் என்றுதான் எழுதியிருக்கும். பண்டாரவளைக்காரருக்கு அந்தப் பக்கத்து இடம் கொழும்பு. கொழும்பிலும் முடியாது என்றால் சென்னையாக இருக்கலாம், சிங்கப்பூராக இருக்கலாம். உங்கள் பிள்ளைகள் இருக்கும் மெல்பர்னுக்கு அனுப்பச் சொல்லி அடம்பிடிக்க முடியாது. முடிவு எடுப்பது கம்பனியின் டொக்டர்தான், நீங்கள் இல்லை. அவர்களைக் கேட்காமல் நீங்களே விமானம் ஏற்பாடு செய்தால் அந்தப் பில்லை அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போகலாம்.

மலையகத்துக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. வாங்கும் முன் ஏஜென்டிடம் கேளுங்கள்: ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு, உள்நாட்டுக்குள்ளேயே, தரைவழி ஆம்புலன்ஸில் கொண்டுபோகும் செலவு உண்டா, எவ்வளவு வரை? நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக இலட்சம் டொலர் போட்டிருக்கும் பொலிசி, பண்டாரவளையிலிருந்து கொழும்புக்குப் போக ஒரு சின்னத் தொகையோடு நின்றுவிடும். இறந்துவிட்டால் உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவும் இதே பகுதியில்தான் இருக்கும். வயதானவர்கள் முன்னால் அதைப் பேச வீட்டில் கூச்சப்படுவோம். பெரியப்பா கூச்சப்படவில்லை. "என்னை இங்கேயே எரிச்சுடுங்க, அந்தக் காசை மிச்சம் பிடிங்க" என்றார்.

இன்னொன்று. குளவி கொட்டினாலோ, பாம்பு கடித்தாலோ, நாய் கடித்தாலோ காப்புறுதிப் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியைத் தேடி ஓடாதீர்கள். விஷமுறிவு மருந்தும் அதைக் கொடுத்துப் பழகிய கைகளும் அரச ஆஸ்பத்திரியில்தான். கொழுந்துக் காட்டில் குளவி கொட்டி வருவோரை வருடம் முழுக்கப் பார்ப்பவர்கள் அவர்கள். எல்லவில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து வளைவில் சறுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: இங்கே செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் கம்பனி பெரும்பாலும் கையை விரிக்கும். முச்சக்கர வண்டிக்கும் இதே கதைதான்.

அண்ணியின் கணக்கு

அண்ணி கலியாணமாகி வந்த முதல் வருடமே கர்ப்பமானார். அண்ணன் வேலை செய்யும் இடத்துக் குழுக் காப்புறுதியில் மனைவிக்கும் இடம் உண்டு. ஆனால் அண்ணியின் பெயரைச் சேர்க்க வீசாப் பத்திரம் வேண்டும் என்று இழுத்தடித்து, சேர்ந்தபோது மூன்றாம் மாதம். பிரசவச் செலவுக்குப் பத்து மாதக் காத்திருப்பு. சர்வதேசப் பொலிசி ஒன்றை விசாரித்தோம், அதில் பன்னிரண்டு. ஆக, பிள்ளை வயிற்றில் வந்த பிறகு நாங்கள் பார்த்த எந்தக் காப்புறுதியும் பிரசவத்துக்கு உதவவில்லை. கலியாணத்தோடு கலியாணமாக எடுத்திருக்க வேண்டியது. இதை யாரும் மணமேடையில் சொல்வதில்லை.

ஆனால் மிட்வைஃப் மிஸ் வழக்கம்போல வீடு தேடி வந்தார். கடவுச்சீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எடையைப் பார்த்தார், கிளினிக் கார்டை எழுதிக் கொடுத்தார், இரும்புச் சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு குடிக்காதே என்று அண்ணியை அதட்டிவிட்டுப் போனார். கோத்தகிரியில் தேத்தண்ணி குடித்தே வளர்ந்தவருக்கு அதுதான் பெரிய தண்டனை.

நீண்ட காலம் தங்குபவருக்குச் சேர்க்கை முறையிலும் இரண்டு வழி உண்டு. ஒன்று, உங்கள் பழைய நோய்கள் அத்தனையையும் முதலிலேயே எழுதிக் கொடுப்பது. கம்பனி பார்த்துவிட்டு இதற்கு உண்டு, இதற்கு இல்லை, இதற்குக் கூடுதல் கட்டணம் என்று கையெழுத்துப் போட்டுத் தரும். இன்னொன்று, ஒன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்டு, பழைய நோய் எதுவானாலும் இத்தனை காலம், பொதுவாக இரண்டு வருடம், அது தலைகாட்டாமல் இருந்தால் பிறகு தருவோம் என்பது. இரண்டாவது சுலபமாகத் தெரியும். எனக்குப் பிடித்தது முதலாவது. சண்டையை ஆரோக்கியமாக இருக்கும்போதே போட்டு முடித்துவிடலாம், வாட்டில் படுத்துக்கொண்டு போட வேண்டியதில்லை. சீனி, பிரஷர், பத்து வருடத்துக்கு முந்தைய ஸ்கேன் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் கைமுறிவுக்குக்கூடப் பணம் தராமல் பொலிசியையே ரத்துச் செய்ய இடம் இருக்கிறது.

இலங்கைக் கம்பனியோடு தகராறு வந்தால் முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறைப்பாடு. சரிவராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், அதற்கு மேல் கம்பனிகளை மேற்பார்வை செய்யும் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கொழும்பில் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பனி என்றால் அந்தந்த நாட்டு அமைப்பிடம்தான் போக வேண்டும். பெரியப்பா விஷயத்தில் கடைசிவரை போராடியது அவருடைய மகள்தான். இங்கிருந்து எங்களால் படியைப் படம் பிடித்து அனுப்ப மட்டுமே முடிந்தது.

இந்த டிசம்பரிலும் அவர் வருகிறார். ஒக்டோபரில் பிரஷர் மாத்திரையை மறுபடி மாற்றினார்களாம். உடனே மகள் கம்பனிக்கு எழுதி, கூடுதல் கட்டணம் கட்டி, "இந்த மாற்றம் எங்களுக்குத் தெரியும், காப்பு உண்டு" என்ற பதிலை வாங்கி எனக்கு அனுப்பினாள். பிரிண்ட் எடுத்து, 1990க்கும் காப்புறுதி நம்பருக்கும் கீழே, குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பின்பக்கப் படிக்கு அப்பா இரும்புக் கைப்பிடி போட்டுவிட்டார். ஒட்டு வேலைக்காரர் கூலியையும் சேர்த்து, அந்தக் கூடுதல் கட்டணத்தை விடக் குறைவாகத்தான் முடிந்தது.